கேத்திரமும் கிணறும்: புத்தூர்ச் சூழலில் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் கற்பித்தல்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கணிதக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அட்சரகணிதமும் யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அங்குப் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, புத்தூருக்கு அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்தவர், அவரும் அதே செமினரியின் மாணவர். பழந்தமிழ் நூற் பதிப்புக்காக நாம் நினைவுகூரும் அவ்வறிஞர் கணிதமும் விஞ்ஞானமும் பயின்ற ஒரு சூழலிலிருந்து வந்தவர் என்பது அவதானிக்கத்தக்கது.

எனினும், இவ்வரலாறு நெடுங்காலம் ஒரு சிலரின் வரலாறாகவே இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பாடசாலையிற் சேர்வதற்கும், சேர்ந்தபின் ஏனையோருடன் ஒரே வாங்கில் அமர்வதற்கும் 1920களிலும் 1930களிலும் போராட வேண்டியிருந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாடசாலையின் வாயிலை அகலத் திறந்தது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தை இடைநிலை மாணவர் அனைவருக்கும் உரிய பாடமாக்கியது. ஆயினும் கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்தில் சித்தி பெறாமை இன்றும் உயர்கல்விக்கும் தொழில்கள் பலவற்றிற்கும் தடையாக நிற்கின்றது. பாடசாலை வாயிலில் நின்ற தடை கரும்பலகைக்கு இடம்பெயர்ந்துள்ளது எனலாம். முன்னைய தடையை எல்லோராலும் காண முடிந்தது. இப்போதைய தடையோ பிள்ளையின் ‘மந்த புத்தி’ என்ற பெயரில் மறைந்து நிற்கின்றது.

இத்தடை எங்கே தோன்றுகின்றது? எண்கணிதத்தை ஒருவாறு சமாளித்துவரும் பிள்ளை, எண்ணுக்குப் பதிலாக எழுத்தும், அளத்தலுக்குப் பதிலாக நிறுவலும் வருமிடத்திலேயே பின்தங்கிவிடுகின்றது. எனவே ஆறாந் தரத்திற்கும் பதினோராந் தரத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பது வெறுமனே கற்பித்தல் முறை பற்றிய வினா அன்று. அது சமூகநீதி பற்றிய வினாவுமாகும். புத்தூரையும் அதன் அயலையும் களமாகக் கொண்டு, வகுப்பறையில் நடத்தக்க நான்கு செயற்பாடுகளை விளக்கி, அவற்றின் வழியே இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

புத்தூர் செம்மண் தோட்டங்களும் கிணற்றுப் பாசனமும் கொண்ட ஊர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் இங்கு நெடுங்காலமாகச் செய்கைபண்ணப்பட்டு வருவன. காணியைப் பரப்பிலும் குழியிலும் கணக்கிடுதல், பாத்தி பிரித்தல், வேலி அடைத்தல், கிணறு வெட்டுதல், வீட்டுக்கு அத்திவாரம் இடுதல் ஆகிய அனைத்திலும் அளவும் விகிதமும் வடிவமும் தொழிற்படுகின்றன. இவற்றைச் செய்வோர் பலர் தமக்குக் கணிதம் தெரியாது என்றே கூறுவர். அவர்தம் பிள்ளைகளும் அவ்வாறே நம்பி வகுப்பறைக்கு வருகின்றனர்.

கேத்திரகணிதம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கேத்திரம் என்பது நிலம். கிரேக்கர் இத்துறைக்கு இட்ட பெயரின் பொருளும் நில அளவையே. வட இந்தியாவில் வேள்விக் குண்டம் அமைப்பதற்கான விதிகளைக் கூறிய சுல்ப சூத்திரங்கள் கயிற்றினாற் பெயர் பெற்றவை. சுல்பம் என்பது கயிறு. ஆக, நிலமும் கயிறும் இக்கலையின் பெயரிலேயே உள்ளன. அவை காலப்போக்கில் வகுப்பறையிலிருந்து நீங்கிவிட்டன.

உழைப்பிலே கணிதத் திறன் மறைந்திருக்கின்றது என்பது வெறும் ஊகமன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரஞ் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வை டெரெசினா கராகர், டேவிட் கராகர், அனாலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் வெளியிட்டனர். விற்பனையின்போது வாய்மொழியாகக் கேட்கப்பட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 வரை இப்பிள்ளைகள் சரியாகச் செய்தனர். அதே கணக்குகள் பாடசாலை முறையில் வெறும் எண்களாக எழுதிக் கொடுக்கப்பட்டபோது நூற்றுக்கு 37 அளவிலேயே சரியாயின. பிள்ளை ஒன்றே, கணக்கும் ஒன்றே. கணக்கு வந்த வழி மட்டுமே வேறு.

இவ்விரு வழிகளையும் இணைக்க முயன்றவர்களுள் அமெரிக்கரான ரொபேர்ட் மோசஸ் முக்கியமானவர். 1960களில் மிசிசிப்பி மாநிலத்திற் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த அவர், 1982இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ‘அல்ஜிப்ரா புறொஜெக்ற்’ என்ற இயக்கத்தைத் தொடக்கினார். வாக்குரிமைபோன்றே அட்சரகணித அறிவும் குடியுரிமையின் ஓர் அம்சம் என்பது அவரது நிலைப்பாடு. அவரது முறையில் மாணவர் முதலில் ஒரு நிகழ்வில் நேரடியாகப் பங்குகொள்வர். பின்னர் அதனைப் படமாக வரைவர். தம் பேச்சுமொழியில் விவரிப்பர். அவ்விவரணத்தை வரையறுத்த மொழிக்கு மாற்றுவர். இறுதியாகவே குறியீட்டை அமைப்பர். எமது வகுப்பறைகளில் இறுதிப் படி முதற்படியாக வைக்கப்படுகின்றது. கீழ்வரும் செயற்பாடுகள் அவ்வொழுங்கைத் திருத்தியமைக்கும் முயற்சிகளாகும்.

3

முதலாவது செயற்பாடு: வீதியும் திசைகொண்ட எண்களும்

இது ஏழாந் தரத்திற்கு உரியது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால், வல்லை என்பன ஒழுங்காக வருகின்றன. மாணவர் இவ்வொழுங்கை நிலத்தில் ஒரு நீண்ட கோடாக வரைந்து, ஓர் ஊருக்கு ஒருவராக நிற்பர். புத்தூரைப் பூச்சியம் எனவும் பருத்தித்துறைப் பக்கத்தை நேர்த்திசை எனவும் கொண்டால், ஆவரங்கால் +1, வல்லை +2, சிறுப்பிட்டி −1, நீர்வேலி −2, கோப்பாய் −3 ஆகும். இங்குக் கணிக்கப்படுவது ஊர்களின் ஒழுங்கே, மைல்கள் அல்ல.

கோப்பாயிலிருந்து ஆவரங்காலுக்குச் செல்பவர் எத்தனை ஊர் கடந்து இறங்குவார் என வினவினால், மாணவர் நடந்து பார்த்து நான்கு என்பர். அதனை 1 − (−3) = 4 என எழுதும்போது, மறையெண்ணைக் கழித்தல் கூட்டலாவது ஏன் என்பது மனனஞ் செய்யப்படும் விதியாக இராது; நடந்து கண்ட உண்மையாக இருக்கும்.

அடுத்த கட்டம் இதனினும் முக்கியமானது. சிறுப்பிட்டி மாணவர் தம் ஊரையே பூச்சியமாக்க வேண்டும் எனக் கோரட்டும். அப்போது ஒவ்வோர் ஊரின் எண்ணும் ஒன்றாற் கூடும். ஆனால் இரு ஊர்களுக்கிடையிலான வித்தியாசம் மாறாது. பழைய எண் ய ஆயின் புதிய எண் ய + 1 ஆகும். ய என்பது இங்கு எந்த ஊருக்கும் பொருந்தும் ஓர் எண். அட்சரகணிதத்தின் எழுத்து முதன்முதலாக இங்கே தேவைப்பட்டு வருகின்றது. ஆறு கூற்றுகளை ஒரே கூற்றாக்கும் வசதிக்காக மாணவர் தாமே அதனை நாடுவர்.

இரண்டாவது செயற்பாடு: வேலியும் இருபடிக் கோவையும்

இது ஒன்பதாந் தரத்திற்கும் பத்தாந் தரத்திற்கும் உரியது. 120 அடி வேலி அடைப்பதற்கான ஓலையும் கதிகாலும் ஒருவரிடம் உள்ளன எனக் கொள்வோம். செவ்வக வடிவில் அடைக்கும் காணி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? வேலி ஒன்றே என்பதால் அடைபடும் நிலமும் ஒன்றே எனப் பெரும்பாலான மாணவர் முதலிற் கூறுவர். இவ்விடை தவறு என்று ஆசிரியர் உடனே கூறவேண்டியதில்லை. 120 அங்குல நூலொன்றின் நுனிகளை முடிந்து, நிலத்திற் பல செவ்வகங்களாக இழுத்துப் பார்க்கச் செய்யலாம். ஓர் அங்குலம் ஓரடியைக் குறிக்கும்.

நீளமும் அகலமும் சேர்ந்து எப்பொழுதும் 60 அடி. அகலம் 5 அடியாயின் பரப்பளவு 275 சதுர அடி. 10 அடியாயின் 500. 20 அடியாயின் 800. 25 அடியாயின் 875. 30 அடியாயின் 900. 35 அடியாயின் மீண்டும் 875. அட்டவணையை மாணவர் வரைபாக்கினால், ஏறி இறங்கும் வளையியைக் காண்பர். 30 இற்கு இருபுறமும் அது சமச்சீரானது. இச்சமச்சீரே குறியீட்டுக்கு வழிகாட்டும். அகலம் 30 − த எனின் நீளம் 30 + த. பரப்பளவு:

(30 + த)(30 − த) = 900 − த²

த² ஒருபோதும் மறையெண்ணாகாது. ஆகவே பரப்பளவு 900 ஐ விஞ்ச முடியாது. த பூச்சியமாகும்போது, அதாவது காணி சதுரமாகும்போது மட்டுமே அது 900 ஆகும். இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற சர்வசமன்பாடு பரீட்சைக்கு மனனஞ் செய்யப்படும் ஒரு வாய்பாடாக அன்றி, ஒரு வினாவைத் தீர்க்கும் கருவியாக இங்கு அமைகின்றது.

இதற்கு ஒரு சமூகப் பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்திற் காணி சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் துண்டாடப்படுகின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒழுங்கைக்கு வழி வேண்டும் என்பதால் நீண்டு ஒடுங்கிய துண்டுகள் தோன்றுகின்றன. 5 அடி அகலமும் 55 அடி நீளமும் கொண்ட துண்டுக்கும் 30 அடிச் சதுரத்துக்கும் வேலிச் செலவு ஒன்றே; நிலமோ மூன்றிலொரு பங்கிலும் குறைவு. காணி குறைந்தவரே ஒரு குழிக்குக் கூடுதலான வேலிச் செலவைச் சுமக்கின்றார் என்பதை மாணவர் தம் கணிப்பின் மூலமே காணலாம். ஒரு பரப்பு 18 குழி, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் உள்ளூர் அளவைகளைக் கொண்டு, வீட்டுக் காணிகளை ஒத்த கற்பனை உறுதிகளை அமைத்து இக்கணிப்பை விரிக்கலாம். உண்மையான உறுதிகளைக் கேட்பதைத் தவிர்த்தல் நன்று. காணியில்லாத குடும்பத்துப் பிள்ளையும் அவ்வகுப்பில் இருக்கும்.

மூன்றாவது செயற்பாடு: மேசனின் கயிறும் நிறுவலும்

அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும் மேசன், மூலை சரியாக வருகின்றதா என்பதை அறிய ஒரு நூலில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறியிடுவார். இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 5 அடியாயின் மூலை செங்கோணம். பத்தாந் தர மாணவர் 12 சம கண்ணறைகள் கொண்ட முடிச்சிட்ட கயிற்றினால் இதனை முற்றத்திற் செய்து பார்க்கலாம். 5, 12, 13 என்ற நீளங்களையும், பொருந்தாத 4, 5, 6 என்ற நீளங்களையும் முயன்று, மூலைமட்டத்தால் ஒப்பிடலாம்.

இங்கே ஆசிரியர் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. மேசன் பயன்படுத்துவது பைதகரசின் தேற்றத்தையா, அதன் மறுதலையையா? தேற்றம் கூறுவது, முக்கோணி செங்கோணமுடையதாயின் செம்பக்கத்தின் வர்க்கம் ஏனைய இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்பது. மேசனுக்குத் தெரிந்தது நீளங்கள், தெரியவேண்டியது கோணம். ஆகவே அவர் நம்பியிருப்பது மறுதலையை. யூக்கிளிட் இவ்விரண்டையும் தம் முதலாம் நூலின் 47ஆம், 48ஆம் எடுப்புகளாக வேறுவேறாக நிறுவினார். ஒரு கூற்று உண்மையாயின் அதன் மறுதலையும் உண்மையாகும் என்ற மயக்கம் மாணவரிடையே பரவலானது. அதனைத் தெளிவிக்க மேசனின் கயிற்றைவிடச் சிறந்த உதாரணம் அரிது.

அளந்து பார்த்தல் நிறுவலாகாது என்பதும் இங்குப் புலப்படும். கயிறு இழுபடும், முடிச்சு தடிக்கும், மூலைமட்டம் தேய்ந்திருக்கும். நூறு மூலைகள் சரியாக வந்தாலும் நூற்றோராவது பற்றி அவை உறுதி தரமாட்டா. நிறுவலோ சில வரிகளில் முடிவது. அ, இ, உ என்னும் பக்கங்களுடைய முக்கோணியில் அ² + இ² = உ² எனத் தரப்பட்டுள்ளது. அ, இ என்னும் நீளங்களைச் செங்கோணத்தை அடக்கும் பக்கங்களாகக் கொண்டு வேறொரு முக்கோணி அமைப்போம். தேற்றத்தின்படி அதன் செம்பக்கத்தின் வர்க்கம் அ² + இ², அதாவது உ². எனவே அச்செம்பக்கம் உ. இரு முக்கோணிகளுக்கும் மூன்று பக்கங்களும் சமன். ஆகவே அவை ஒருங்கிசைவன. ஆகவே முதல் முக்கோணியிலும் ஒரு செங்கோணம் உண்டு. மேசனின் அனுபவ அறிவு இப்போது எல்லா மூலைகளுக்கும் பொருந்தும் அறிவாகின்றது. தந்தையின் கைத்தொழில் தாழ்ந்ததென்று கருதிய மாணவன் அதன் அடியில் ஒரு தேற்றம் கிடப்பதைக் காண்கின்றான். அத்துடன், தந்தைக்குக் கிட்டாத ஒன்று, அதாவது அது ஏன் உண்மை என்பது, தனக்குக் கிட்டியதையும் உணர்கின்றான்.

நான்காவது செயற்பாடு: கிணறும் ஏகபரிமாணச் சமன்பாடும்

புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இராமர் அம்பெய்து தோற்றுவித்தது என்னும் ஐதிகம் உண்டு. அடியற்ற கிணறு என்றும் அதனைக் கூறுவர். எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிற் புத்தூர்க் கிணறு எனக் குறிப்பிட்டு அதனை விவரித்துள்ளார். நூறடிக்கு மேற்பட்ட ஆழமுடைய இக்கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் அடியில் உவர்நீரும் உள்ளன. குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள பாரங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே இதற்குக் காரணம்.

இந்நிலையை மேசன்மார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமற்ற குழாயொன்றினால் வகுப்பறையிற் காட்டலாம். குழாயை வளைத்து, அதில் உப்புநீரை ஊற்றி, ஒரு புறத்தில் மட்டும் நன்னீரை மெதுவாகச் சேர்த்தால், நன்னீர்ப் புறம் சற்று உயர்ந்து நிற்கும். உப்பைக் கூடுதலாகக் கரைத்தால் உயர வித்தியாசமும் கூடும்.

இனிச் சமன்பாட்டை அமைக்கலாம். ஓர் இலீற்றர் நன்னீரின் திணிவு ஏறக்குறைய 1000 கிராம். கடல்நீரினது ஏறக்குறைய 1025 கிராம். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் உ அடி எனவும், நன்னீர் கடல்மட்டத்திற்குக் கீழே ந அடி வரை உள்ளது எனவும் கொள்வோம். ந அடி உயரமான உவர்நீர், ந + உ அடி உயரமான நன்னீரைத் தாங்கி நிற்கின்றது. எனவே,

1000 (ந + உ) = 1025 ந
1000 உ = 25 ந
ந = 40 உ

ஒல்லாந்தரான பாடன் கைபனும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் கரையோர நிலத்தடி நீரை ஆராய்ந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில் தனித்தனியே கண்ட தொடர்பு இதுவே. எட்டாந் தர அட்சரகணிதம் அதற்குப் போதுமானது. ந என்பது நன்னீர் என்னும் பொருளைக் குறிக்கும் சுருக்கெழுத்தன்று, அடிகளின் எண்ணிக்கையைக் குறிப்பது என்பதை ஆசிரியர் வலியுறுத்த வேண்டும். எழுத்தைப் பொருளாகக் கொள்ளும் மயக்கமே அட்சரகணிதத்திற் பல பிழைகளுக்கு வேராகும்.

நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 2 அடியாயின் நன்னீர் 80 அடி ஆழம் வரை இருக்கும். இறைப்பினால் நீர்மட்டம் அரை அடி தாழ்ந்த நிலையில் நீடித்தால், ந 60 ஆகும். உவர்நீர் 20 அடி மேலே வந்துவிடும். கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்குப் புலப்படுவது அரை அடி. புலப்படாதது இருபது அடி. வரைபில் இது 40 என்னும் படித்திறனுடைய நேர்கோடாக அமையும். துலா இருந்த இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்ட குடாநாட்டில் இப்படித்திறனின் பொருள் என்ன என்பதை மாணவர் விவாதிக்கட்டும். நீர் அசையாது நிற்கின்றது, நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கூரிய எல்லை உண்டு என்பன இச்சமன்பாட்டின் எடுகோள்கள். பாறையில் வெடிப்புகளும் குகைகளும் உள்ள இடத்தில் இவை முற்றாகப் பொருந்தா. எடுகோள்களை எடுத்துக்கூறுவதும் கணிதப் பயிற்சியின் ஒரு பகுதியே.

இக்குடாநாட்டிற் கிணறு நெடுங்காலம் சாதியின் எல்லைக்கோடாக இருந்ததை நாம் அறிவோம். எவர் அள்ளலாம், எவர் கையேந்தி நிற்க வேண்டும் என்பது வேலியாலும் வழக்கத்தாலும் விதிக்கப்பட்டிருந்தது. நிலத்தின் அடியிலோ அவ்வேலி இல்லை. அயற் கிணறுகள் யாவும் ஒரே நன்னீர்ப் படையிலிருந்து ஊறுவன. ஒருவரின் மிகையான இறைப்பு எல்லோரின் நீரையும் உவராக்கும். இதனைப் பிரசங்கமாகக் கூறவேண்டிய தேவை ஆசிரியருக்கு இல்லை. சமன்பாடே அதனைக் கூறுகின்றது.

4

இத்தகைய செயற்பாடுகளில் ஓர் அபாயமும் உள்ளது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை அறிமுகஞ் செய்தபோது, கமக்காரனின் பிள்ளையைக் கமத்துக்கும் தச்சனின் பிள்ளையைத் தச்சுக்கும் கட்டிவைக்கும் ஏற்பாடோ இது என்ற ஐயம் பெற்றோரிடையே எழுந்தது. 1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின்னர் அப்பாடங்கள் கைவிடப்பட்டன. உழைப்பைக் கல்வியுடன் இணைக்கும் நோக்கம் நன்றே; ஆயினும் பெற்றோரின் ஐயம் அடிப்படையற்றதன்று. உழைப்பாளரின் பிள்ளைக்குத் தொழிற் கணக்கும் வசதி படைத்தோரின் பிள்ளைக்குத் தேற்றமும் எனக் கணிதம் இரண்டாகுமாயின், ‘வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி’ என்பது பழைய ஏற்றத்தாழ்வின் புதிய பெயராகவே முடியும்.

ஆகவே செயற்பாடு கயிற்றோடும் நூலோடும் நின்றுவிடலாகாது. வேலிக் கணக்கு 900 − த² என்பதை அடையவேண்டும்; மேசனின் மூலை நிறுவலை அடையவேண்டும்; கிணறு ந = 40 உ என்பதை அடைந்து, அதன் எடுகோள்களையும் வினாவவேண்டும். அவ்வாறு அடைந்த மாணவர் பின்னர் வேலியும் கிணறும் இன்றியே குறியீடுகளைக் கையாளப் பழகவேண்டும். அருவமான சிந்தனை உழைப்பாளரின் பிள்ளைகளுக்கு ஒவ்வாதது என்ற கருத்தை நாம் முற்றாக நிராகரிக்கின்றோம். அதனை அடையும் பாதை அவர்களுக்கு மறைக்கப்பட்டுள்ளது என்பதே உண்மை.

நடைமுறைத் தடைகளை நாம் மறுக்கவில்லை. பாடவேளை நாற்பது நிமிடம், பாடத்திட்டம் நீளமானது, பரீட்சை நெருக்குகின்றது, தனியார் வகுப்புகள் விடைகளின் வடிவத்தையே பயிற்றுகின்றன. எனினும் மேற்கூறிய நான்குக்கும் தேவையான உபகரணங்கள் நூல், கயிறு, குழாய், உப்பு என்பனவே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடவேளைகள் போதும்: முதலாவது முற்றத்தில், இரண்டாவது கரும்பலகையில். ஒரு தவணைக்கு இரண்டு செயற்பாடுகள் நடைபெறினும், எழுத்து ஏன் வருகின்றது, நிறுவல் ஏன் வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கும் மாணவர் தம் சொந்த மொழியில் விடை கூறுவர். ஏனைய பாடங்களைக் கற்பிக்கையில் அவ்விடைகள் ஆசிரியருக்குத் துணைநிற்கும்.

இவற்றை ஊர்தோறும் வேறுபடுத்தி அமைத்தல் ஆசிரியர்களின் பணியாகும். கரையோரக் கிராமத்திலே கிணற்றின் இடத்தில் வலையும் படகும், நெற்செய்கைப் பகுதியிலே வாய்க்காலும் வரம்பும் அமையலாம். ஆசிரிய கலாசாலைகளும் பல்கலைக்கழகக் கல்வித் துறைகளும் அவற்றைத் தொகுத்து, வகுப்பறைகளிற் பரீட்சித்து, எந்த மாணவர் எந்தப் படியில் தடைப்படுகின்றனர் என்பதைப் பதிவுசெய்தல் வேண்டும். 1855இல் ஒரு வீசகணித நூல் தமிழில் எழுதப்பட்டதனால், இக்கணிதத்தைத் தமிழிற் கூறலாம் என்பது நிலைநாட்டப்பட்டது. அது எல்லோரையும் சென்றடையலாம் என்பதை நிலைநாட்டும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது.